வரைபடத்தில் இருந்த கல்லறைத் தோட்டம்

கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தூத்துக்குடிக்கு வடக்கே வேம்பார் சாலையில் உள்ள ஒரு மீனவ ஊருக்குப் போய்வந்தேன். என்னை அங்கே இழுத்தது ஒரு மறுஅச்சு வரைபடம். நூறு வருடத்துக்கு முந்தைய கடற்கரை வரைபடத் தாளை அப்படியே அச்சிட்டு விற்கிறார்கள், 450 ரூபாய். பழைய பாதை, கிணறு, கோயில், இடுகாடு எல்லாம் அதில் உண்டு. அதை இன்றைய கரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சில வருடங்களாக என் விடுமுறை வேலை. அதனால் ஒருவருக்குத் துன்பம் வரும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் காலை 6.10 வண்டி. கட்டணம் 32 ரூபாய். உப்பளங்களைத் தாண்டி ஒரு மணி ஐந்து நிமிடப் பயணம். இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் நிழலே கிடையாது (தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்).

மாதா கோயில் முன்னால் அந்தோணி அண்ணாச்சி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். தாளைக் காட்டி, கோயிலின் அடித்தளம் பழையதுதானா என்று கேட்டேன். “கோபுரந்தான் புதுசு. அடி அந்தக் காலத்துலயே உள்ளது” என்றார். எனக்கு வேண்டியது அதுதான். இடம் மாறாத ஒரு புள்ளி கிடைத்துவிட்டால் மற்றதை அளந்துவிடலாம். வரைபடத்தில் கோயிலுக்குக் கிழக்கே 7 மில்லிமீட்டரில் கல்லறைத் தோட்டம். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில் சுமார் 440 மீட்டர். கோயில் வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். 310 மீட்டரிலேயே அலை காலைத் தொட்டது.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, மீனுக்கு ஐஸ் வாங்கப் போனார். அவர் மனைவி சூசையம்மாள் தரையில் விரித்த தாளைக் குனிந்து பார்த்தார்.

“இந்தச் சிலுவ என்ன தம்பி?”

“பழைய கல்லறைத் தோட்டம்க்கா.”

“மீன் ஏலக்கூடத்துப் பக்கத்துல ஒரு சிலுவ நிக்கே, அதான?”

கண்டுபிடித்த பெருமை எனக்கு. “இல்லக்கா, அது பிற்பாடு வச்ச சிலுவையா இருக்கும். தோட்டம் இன்னும் கிழக்க. இப்போ கடலுக்குள்ள போயிடுச்சு” என்று பென்சிலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா சங்கு குளிக்கப் போய் மூழ்கி இறந்தவர். அப்போது இவருக்கு நாலு வயது. இரண்டு நாள் தேடி எடுத்துவந்து இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தார்கள். அம்மா இவரை ஏரலுக்குக் கூட்டிப்போய்விட்டார். கல்யாணமாகித்தான் இங்கே திரும்பி வந்தார்.

“வந்த மறுநாளே எங்க வீட்டுக்காரவிய என்னையக் கூட்டிட்டுப் போயி, ஒங்கப்பா இங்கனதான் இருக்காவன்னு அந்தச் சிலுவையக் காட்டுனாவ. நாப்பது வருசமா மெழுகுதிரி கொளுத்துதேன். கடலு எங்கப்பாவத் திருப்பிக் குடுத்துட்டுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”

என் கணக்கு தப்பாக இருக்கலாம் என்றேன். தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

“எங்க வீட்டுக்காரவியளுக்குத் தெரியாம இருக்காது. சின்னப் புள்ளையிலேருந்து இந்த ஊருதான.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவியகிட்ட சொல்லிராதீங்க தம்பி.”

தாளைச் சுருட்டி வைத்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.

அண்ணாச்சி என்னை பைக்கில் சாலைவரை கொண்டுவந்து விட்டார். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார்: “கல்லறையப் பத்தி அவ ஏதும் கேட்டாளா?”

“இல்ல அண்ணாச்சி.”

“நல்லதாப் போச்சு. கடலுல செத்தவுகள மறுபடியும் கடலு கொண்டுபோயிட்டுன்னு எப்படிச் சொல்லச் சொல்லுதீய?” என்றார். அவர் தோள் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். 10.40 வண்டியில் ஏறும்வரை கூடவே நின்றார். தாளில் பாதி நாள் வேலை மிச்சமிருந்தது. நான் அதற்குப் பிறகு அதை விரிக்கவில்லை.

இதுபோலப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மறுஅச்சில் தாள் சுருங்கியிருக்கக்கூடும். எழுதியிருக்கும் அளவை நம்பாமல் அளவுகோல் கோட்டை அளந்துகொள்ளுங்கள். ஒரு புள்ளி போதாது, இடம் மாறாத இரண்டு மூன்றையாவது பிடியுங்கள். கோட்டின் தடிமனே தரையில் ஐம்பது அறுபது மீட்டர் வரும். ஊர் வரலாறு எழுத இவை பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் தாளை ஒரு வீட்டுக்குள் விரிப்பதற்கு முன், அந்த வீட்டில் இருப்பவர்கள் எதை நம்பி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

ஊர்ப் பெயர் கேட்டு எழுத வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையாவது காப்பாற்ற வேண்டும்.