துவைத்த சட்டை

வெளிநாட்டில் பதினான்கு மாத ஆன்சைட் வேலை முடிந்து ஹைதராபாத் கொண்டாப்பூர் வீட்டுக்குள் காலை வைத்தேன். எங்கள் நாய் பாய்ந்து வந்து என் கையைக் கடித்தது. செல்லக்கடி இல்லை. பல் இறங்கி ரத்தம் வழிந்தது.

"நக்கோ! நக்கோ!" என்று மனைவி கத்தினாள். வேண்டாம் என்று அர்த்தம்; வாட்ச்மேன் பழக்கிய அந்த ஹைதராபாத் உருதுச் சொல்லுக்கு அது உடனே அடங்கும். அன்று அடங்கவில்லை. என்னால் நம்பவே முடியவில்லை. குட்டியிலிருந்து என் மடியில் வளர்ந்தது. ஞாயிறுதோறும் வெப்கேமராவில் என்னைப் பார்த்தது!

"நன்றி கெட்ட ஜென்மம்! நாளைக்கே எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுப்போடு!" ஊசி போட்டுத் திரும்பும் வழியெல்லாம் இதையே சொன்னேன்.

"கம்ப்யூட்டர்ல உங்களப் பார்த்தா மொதல்ல வாலாட்டுமுங்க," என்றாள் மனைவி. "அப்புறம் மானிட்டருக்குப் பின்னால போயி மோந்து பார்க்கும். ஆளில்லைன்னதும் உங்க பழைய சட்டை மேல போய்ப் படுத்துக்கும். அதுக்காகவே அத நான் தொவைக்கலீங்க."

"சட்டை எங்க?"

அவள் முகம் வெளுத்தது. "நீங்க வர்றீங்கன்னு நேத்து வீடெல்லாம் பினாயில் போட்டுத் தொடச்சனுங்க. அதையும் தொவைச்சுப்போட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாய்க்கு நான் திரையில் இல்லை, அந்தச் சட்டையில்தான் இருந்திருக்கிறேன். நேற்று நான் காணாமல் போனேன். இன்று என் முகத்தோடும் குரலோடும், மேலெல்லாம் விமான நிலையத்து சென்ட் அடித்துக்கொண்டு எவனோ வந்து நிற்கிறான். கடிக்காமல் என்ன செய்யும்?

கட்டு நனையாமல், சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் குளித்தேன். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் வியர்க்க வியர்க்க நடந்தேன். பிறகு ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது.

நாய் வயிறு தரையில் உரச வந்தது. என் கழுத்தை மோந்தது. முகத்தைப் பார்த்தது. அப்போதும் வால் அசையவில்லை. மெதுவாக அதன் செல்லப்பெயரைச் சொன்னேன். காது நிமிர்ந்தது. மறுபடி மோந்தது, மறுபடி பார்த்தது. பிறகு கைக்குழந்தை மாதிரி ஒரு சத்தம் எழுப்பி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, என் மடியில் ஏறியது. நான் அழுதுவிட்டேன்.

அப்புறம் அது கடித்த, கட்டுப் போட்ட கையை மோந்தது. அப்படியே பின்வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டது. இரண்டு நாள் சோறு தொடவில்லை. அந்த இரண்டு நாளும் நானும் கட்டிலுக்கு அடியில்தான் படுத்துக்கிடந்தேன்.