முடிச்சுப் போடாத மெசின்

ஜெர்மனிக்கு வரும்வரை எங்கள் மாமா புல்லுக் கட்டும் மெசின் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் தையல் மெசின் திருத்துகிறவர். சைக்கிள் கரியரில் தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போவாராம். அம்மாவுக்கு ஒரே தம்பி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் வந்து மூன்று வருடம் கழித்து, அவரும் வந்து சேர்ந்தார். எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்திருந்தது. அவருடைய அகதி மனு விசாரணையில் கிடந்தது. முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது என்று உத்தரவு. கொலோனிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி, மாடுகளும் மழையுமாக இருந்த ஒரு கிராமத்தில், வேலை செய்யக்கூடாத மனிதர் நாள் முழுவதும் என்னதான் செய்வார்? முதலில் எங்கள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அவை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் படலைக்கு விட்டார்.

அந்தப் படலைக்குச் சொந்தக்காரர், மாடும் வயலுமாக இருந்த ஒரு கமக்காரர். கிராமசபையிலும் இருந்தார். படலை சத்தம்போடாமல் திறந்ததைக் கண்டு வெளியே வந்தவர், மாமாவைக் கையைப் பிடித்துத் தன் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொழிபெயர்க்க நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பத்து வயது. வீட்டில் ஒழுங்காக ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கொட்டிலுக்குள் கோழி எச்சமும் இரும்புக் கறளும் மூடி ஒரு பெரிய மெசின் நின்றது. காய்ந்த புல்லை அள்ளி, அமுக்கி, கயிற்றால் கட்டி வெளியே தள்ளுகிற மெசின். பெயர்த்தகடு எப்போதோ கழன்று தொலைந்துவிட்டதால், எந்தக் கம்பனியுடையது, எத்தனை வயது என்று ஒருவருக்கும் தெரியாது. கமக்காரரின் நண்பர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்களாம். எப்படியும் இலையுதிர்கால அறுவடை விழாவில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது கமக்காரரின் ஆசை.

மாமா மெசினை மூன்று தரம் சுற்றி வந்தார். உள்ளே கையை விட்டு, வளைந்த இரண்டு பெரிய இரும்பு ஊசிகளைத் தடவினார். நுனியில் கயிறு கோக்கிற துவாரம் இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

“பிள்ளை, இது தையல் மெசின்தான். சும்மா பெருப்பிச்சு வைச்சிருக்கிறாங்கள்.”

இதை அப்படியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “மாமாவுக்கு இந்த மெசின் தெரியுமாம்” என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து நானும் மாமாவும் பள்ளிக்கூடம் விட்ட நேரமெல்லாம் அங்கேதான். மாமா சவரத் தகட்டால் வண்ணத்தைச் சுரண்டினார். மேலே சிவப்பு, அதன்கீழ் சாம்பல், அடியில் நீலம். வார்ப்பிரும்பில் தேய்ந்துபோன எழுத்துகள் இருந்த இடத்தில் என் கொப்பித்தாளை வைத்துப் பென்சிலால் உரசச் சொன்னார். தாளில் மூன்று எழுத்தும் ஓர் இலக்கமும் எழும்பி வந்தன. கமக்காரர் அந்தத் தாளைப் பழைய உதிரிப்பாகம் விற்கும் ஒருவருக்கு அனுப்ப, இரண்டு கிழமையில் அந்த மெசினுக்கான கைநூலின் பிரதி வந்தது. நண்பர்கள் சொன்ன ஒரு பெயரும் சரியில்லை.

கைநூலைப் பார்த்துத் திருத்தியதில் மெசின் ஓடியது, ஆனால் இடதுபக்கக் கயிற்றில் முடிச்சு விழவில்லை. முடிச்சுப் போடுகிற கொக்கி கறள் தின்று சொரசொரத்திருந்ததால் கயிறு அதிலேயே சிக்கி அறுந்தது. மாமா அந்தக் கொக்கியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி மேசையில் வைத்து, நாட்கணக்காக மினுக்கினார். அம்மா ஏசிக்கொண்டே அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

அந்த நாட்களில்தான் மாமாவின் மனு நிராகரிக்கப்பட்ட கடிதம் வந்தது. ஹம்பேர்க்கில் இருந்த சிநேகிதர் ஒருவர், லண்டனுக்கு ஆள் அனுப்புகிறவரோடு பேசிவிட்டு, “சனிக்கிழமைக்குள்ளை வந்து சேர்” என்று தகவல் அனுப்பினார். மாமாவுக்குப் போக மனமில்லை. என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்.

“அவர் கிராமசபையிலை இருக்கிறவர் எல்லோ. எனக்காக ஒருக்கா அகதி மனுப் பாக்கிற கந்தோரிலை கதைப்பாரோ எண்டு கேள்.”

கேட்டேன். கமக்காரர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “பார்ப்போம், முதலில் விழா முடியட்டும்” என்றார்.

எங்கள் அப்பா ‘பாப்பம்’ என்று சொன்னால் அது நடக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் விழா ஊர்வலத்தில் புல்லு வண்டியின் உச்சியில் என்னை உட்காரவைப்பதாகக் கமக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். மாமா லண்டனுக்குப் போனால் மெசின் முடிச்சுப் போடாது. முடிச்சு விழாவிட்டால் எனக்கு வண்டியும் இல்லை.

“ஓமாம், மாமா. விழா முடியக் கதைக்கிறாராம்.”

சனிக்கிழமை மாமா ஹம்பேர்க் போகவில்லை. கொக்கியைப் பூட்டினார்.

விழாவில் மெசின் ஒரு முடிச்சும் தவறாமல் கட்டித் தள்ளியது. சனம் கைதட்டியது. நான் வண்டியின் உச்சியிலிருந்து கையசைத்தேன். மெசினுக்கு முன்னால் நட்டிருந்த பலகையில் கமக்காரரின் பெயரும் நண்பர்களின் பெயர்களும் இருந்தன. மாமா எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். வேலை செய்யக்கூடாதவரின் பெயரைப் போட்டால் அவருக்குத்தான் ஆபத்து என்று கமக்காரர் எனக்கு விளக்கினார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஒரு கிழமை பொறுத்து, மாமா சேர்ட்டை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“கந்தோரிலை கதைச்சிட்டாரோ எண்டு மரியாதையாக் கேள்.”

கமக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையைக் கேட்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும். “மெசின் நன்றாக ஓடுகிறதா என்று மாமா கேட்கிறார்” என்றேன்.

கமக்காரர் பெருவிரலை உயர்த்தி, “தையல் மெசின் மாதிரி ஓடுகிறது!” என்றார். ஜெர்மன்காரர் நல்ல எஞ்சினைப் பற்றி அப்படிச் சொல்வது வழக்கம். என் கெட்டகாலம், தையல் மெசினுக்கு ஜெர்மனில் ‘நேமஷீன’ என்ற அந்த ஒரு சொல் மாமாவுக்குத் தெரியும்.

“தையல் மெசின் எண்டாரே. என்னவாம்?”

“உங்களுக்குத் தையல் மெசின் வேலை தெரியும் எண்டு கந்தோரிலை சொல்லியிருக்கிறாராம்.”

மாமா கமக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கமக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் சந்தோஷமாகக் குலுக்கினார்.

அடுத்த மாதம் ஒரு காலை, நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மரியாதையானவர்கள். வாசல் மிதியடியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மாமாவை விமானநிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். மாமா மட்டும் பதறவில்லை.

“பிள்ளை, கமக்காரர் எனக்காகக் கதைச்சவர் எண்டு சொல்லு. அவரிட்டைக் கேட்கட்டும்.”

நான் பொலிஸ்காரரிடம், “மாமா தன் ஜாக்கெட்டை எடுக்கலாமா என்று கேட்கிறார்” என்றேன்.

“தாராளமாக” என்று சொன்ன பொலிஸ்காரர், கொழுவியில் தொங்கிய ஜாக்கெட்டை, “யாக்க, யாக்க” என்று தானே எடுத்து நீட்டினார்.

மாமா அந்த ஜாக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜாக்கெட்டை வாங்கிப் போட்டு, கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டினார். வாசல்வரை போனவர் அம்மாவிடம் திரும்பினார்.

“அக்கா, பிள்ளையை ஏசாதேங்கோ.”

“நான் ஏன்ரா அவளை ஏசப்போறன்?” என்று அம்மா அழுதாள்.

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இறங்கியவுடன் பொலிஸார் பிடித்து வைத்திருந்து விட்டுவிட்டார்கள் என்றும், லொட்ஜில் இருப்பதாகவும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. விசாரித்தவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்று காலை, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டதற்காக அம்மா ஏசக்கூடாது என்றுதான் மாமா சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். அந்தத் துணிவில் மெதுவாகவே நடந்துபோனேன்.