ஐந்தாவது படம்

இன்று பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைப்பையைத் திறந்தபோது எழுந்த பவுடர் வாசனை, பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய ஸ்டுடியோவுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே செல்போன் கடை.

நூலில் கட்டித் தொங்கும் சீப்பும், ஊரார் முகங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு பவுடர் டப்பாவும், சூடேறினால் முனகும் குடைவிளக்குமாக இருந்த அந்த அறைக்கு டிஜிட்டல் கேமரா வந்த புதிது. அதற்குமுன் படம் எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிய, பிலிம் முடிந்து கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும். கண் மூடிய படமும் கவரில் வீட்டுக்கு வந்துவிடும். இதில் எடுத்த கையோடு பார்க்கலாம் என்பதால், காத்திருந்தவர்கள்கூட எழுந்துவந்து கேமராவின் முதுகைக் குனிந்து பார்ப்பார்கள்.

வேலை விண்ணப்பத்துக்காக அம்மா உட்கார்ந்தாள். பவுடர் நெடியில் நான் தும்ம, சிரித்துவிட்டாள்.

"பல்லெல்லாம் தெரியுது. இது வேண்டாம் அண்ணாச்சி."

"அழிச்சிட்டு வேற எடுப்போம், பிலிமா வீணாகுது?" என்ற ஸ்டுடியோக்காரர் என்னிடம் கேமராவை நீட்டினார். "பாப்பா, இந்தப் பொத்தான பைய அமுக்கு."

பெருமையோடு அமுக்கினேன். அடுத்து வந்த மூன்று சிரிப்புகளையும் நானே அழித்தேன். ஐந்தாவதில்தான் அம்மா வாய்மூடி, விறைப்பாக உட்கார்ந்தாள்.

அம்மா போனபின் மாலை போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். "அம்மா ரொம்பக் கண்டிப்போ?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.