மாமா போட்ட மங்கா

மலாய் மொழியில் மங்கா என்றால் மாம்பழம். பூட்டுக்கும் அதே பெயர்தான். மலேசியாவில், சுங்கை வேயில் எங்கள் வீட்டிலும் பூட்டை மங்கா என்றுதான் சொல்வோம். கிள்ளானிலிருந்து அம்மாவின் தம்பி வரும்போதெல்லாம், வாசல் கிரில்லில் தொங்கும் பூட்டை அழுத்திப் பார்த்து, "இன்னும் பழுக்கலையா இது?" என்பார். எத்தனை முறை கேட்டாலும் நான் சிரிப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பா லோரி ஓட்டிக்கொண்டு எப்போதும் வெளியூரில் இருப்பார். வீட்டில் சிரிக்க வைக்கிற ஆள் மாமா மட்டும்தான்.

அந்த வருடம் மாமா மாறிப்போனார். அம்மா இருக்கும்போது மட்டும் வந்தார். என் பக்கத்தில் உட்காராமல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். தேவாலயத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வந்தவர், அதையும் விட்டுவிட்டார். ஓர் ஆன்டி எல்லார் முன்னாலும் அவரை மடக்கினார்.

"கல்யாணமும் இல்ல, புள்ளகுட்டியும் இல்ல. ஒனக்கு அப்படி என்ன பிஸி லா?"

"தொண்ட போச்சு ஆன்டி. இனிமே நான் பாடுனா புள்ளைங்க ஓடிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் காரணம் தேடினேன். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது எனக்கு அப்போதே பழக்கம். அவர் சட்டையில் மைலோ கொட்டினேன். பாடும்போது சுருதி பிசகினேன். முன்பல் விழுந்து அசிங்கமாக இருக்கிறேன். எல்லாக் காரணமும் என்னிடமே வந்து நின்றது.

உண்மையான காரணம் அந்த வரிசையில் வர வழியே இல்லை. நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, நெடுஞ்சாலை நெரிசலில் கார் நகராமல் நின்ற ஒரு மாலையில் அம்மா அதைச் சொன்னார். மாமாவின் மனத்தில் சிறு பிள்ளைகள்மேல் வரக்கூடாத இச்சை இருந்தது. எந்தப் பிள்ளையிடமும் அவர் தவறாக நடக்கவில்லை. நடந்துவிடுவோமோ என்று பயந்து, தானாகவே மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார். மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் உட்கார்த்திப் பேசினார்கள். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் அம்மாவிடம் வந்தார்.

"அவகூட என்னத் தனியா விடாதேக்கா. எனக்குச் சரியாயிருச்சுன்னு நானே சொன்னாலும் விடாதே."

அம்மா அவரை அறைந்தாராம். பிறகு சோறு போட்டாராம்.

அந்தச் சமயத்தில் அம்மா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, யாராவது எங்கேயாவது தொட்டார்களா, எதையாவது ரகசியமாக வைக்கச் சொன்னார்களா என்று கேட்டது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. "யாரா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லணும். மாமாவா இருந்தாலும்." நான் நன்றாக யோசித்து, பள்ளிப் பேருந்தில் ஒருத்தி சீட்டுக்காக என்னைத் தள்ளிவிட்டதைச் சொன்னேன்.

பிறகு ஒரு விடுமுறை நாள். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் திடீரென்று ஷிஃப்டை மாற்றிவிட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பக்கத்து வீட்டு அக்கா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, கையில் பையோடு மாமா வந்தார். நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து கிரில்லை முழுவதும் தள்ளினேன்.

"அம்மா எங்க?"

"ஃபேக்டரில. ஷிஃப்ட் மாத்திட்டாங்க. உள்ள வாங்க மாமா, நனையுறீங்க!"

அவர் முகம் மாறியது. ஓர் அடி பின்னால் போய் மழையிலேயே நின்றார்.

"மங்காவப் போடு."

பையில் இருந்தது மாம்பழம். வாசனை வந்தது. நான் சந்தோஷமாகக் கையை நீட்டினேன்.

"குடுங்க, போடுறேன். பேசின்ல போடவா?"

"பழம் இல்லம்மா. பூட்டு."

எனக்குப் புரியவில்லை. அவர் பையைத் தரையில் வைத்தார். கிரில்லைத் தானே இழுத்து மூடி, கம்பிக்குள் கைவிட்டுப் பூட்டை அழுத்தினார். ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டது. பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, நான் தனியாக இருப்பதைச் சொன்னார்.

"மாமா, நான் என்ன செஞ்சேன்?"

"நீ ஒன்னும் செய்யல. பக்கத்து வீட்டு அக்கா இப்ப வந்துருவாங்க. அவங்க வர்ற வரைக்கும் யாருக்கும் தொறக்காத."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

ரயில் நிலையம் பக்கம் நடந்து போனார். கிரில்லைப் பிடித்து உலுக்கிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

இப்போது நான் தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்குப் பாதுகாப்புக் கதவு பொருத்துகிறேன். கதவு மூடாமல் இயந்திரம் ஓடாது. ஓட்டுகிறவர் நல்லவரா என்று அது கேட்காது. இந்த வேலையைச் செய்யும்போதெல்லாம் அந்தப் பூட்டுச் சத்தம் காதில் கேட்கும்.

அந்த மழை நாளுக்குப் பிறகு அம்மா என்னை ஒருநாளும் தனியாக விட்டதில்லை. அதையும் தண்டனை என்றே நினைத்தேன். அன்று வீடு திரும்பியதும் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தார். நான் தொடவில்லை. என் வரிசையில் ஒரு காரணம் கூடியிருந்தது: பூட்டச் சொன்னபோது பழத்துக்குக் கை நீட்டினேன். மாமா என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனதாகவே நினைத்து அழுதேன். அவர் பூட்டி வெளியே நிறுத்தியது தன்னைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை.