காய்ச்சாத பீலித் தண்ணீர்

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம். அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில், ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தோம். எல்லா அறைகளுக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு பைப்தான்.

பக்கத்து அறையில் ஒரு இளம் தம்பதி. இருவரும் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அவளுக்கு அது தலைப்பிள்ளை, வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. பைப் தண்ணீரில் மருந்து மணக்கிறது என்று குமட்டுவாள். மருத்துவிச்சி சொன்னபடி நான் அதைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஊர்ப் பீலித் தண்ணீர் ஒரு வாய் கிடைத்தால் போதும் என்பாள். மலை ஊற்றுக்குத் தகரம் வைத்து விழச் செய்வதைத்தான் அவர்கள் பீலி என்பார்கள்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போன அவன், ஒரு சாக்கு நிறையப் போத்தல்களோடு வந்து இறங்கினான். எல்லாம் பழைய சாராயப் போத்தல்கள். முற்றமே கூடிவிட்டது.

"என்ன தம்பி, திருவிழாவுக்குப் போனனியோ, சாராயத் தவறணைக்குப் போனனியோ?" என்றேன்.

"ஐயோ அக்கா, மோந்து பாருங்க! பச்சத் தண்ணி. ரயில்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்."

இதையும் காய்ச்சித் தரட்டுமா என்று கேட்டேன். அவன் பதறிப்போனான்.

"பீலிக்குப் பக்கத்துலதான் மாரியம்மாவோட கல்லு இருக்கு. தீர்த்தத்த யாராச்சும் அடுப்புல வப்பாங்களா அக்கா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் ஒரு மிடறு தந்தாள். நல்ல குளிர்ச்சி. எனக்கு நோய் ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றுவரை தெரியாது.

சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. விடவேயில்லை. நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்ட், என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து முற்றமெங்கும் மருந்து தெளித்தார். "வத்துர கொஹெந்த?" என்று, தண்ணீர் எங்கிருந்து என்பதைச் சிங்களத்தில் கேட்டார். எல்லாரும் பைப்பைக் காட்டினோம். அவன் மட்டும் உள்ளே ஓடி, மிச்சமிருந்த ஒரு போத்தலைக் கொண்டுவந்து பெருமையோடு நீட்டினான். கெட்ட தண்ணீர் எதையும் அவளுக்குத் தான் கொடுக்கவில்லை என்று காட்டத்தான்.

இன்ஸ்பெக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. ஊற்றுக்கு மேலே ஆட்கள் குடியிருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார்.

"மேட்டுல புது லயம் கட்டிருக்காங்க..." என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். அந்த லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் காலையில் ஒதுங்குவது எந்தச் சரிவில் என்பது அவனுக்குத் தெரியும். யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளும் பிழைக்கவில்லை, வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அவன் மலைக்குப் போனான். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று லயம் லயமாகச் சொல்லியிருக்கிறான். பெண்டாட்டி போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்களாம். அம்மன் தண்ணீரைப் பழிக்கிறாயா என்று ஒருவர் அடிக்கவே வந்தாராம். சட்டி பானைகளை எடுத்துப்போகத் திரும்பி வந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னான்.

"இன்னமும் புள்ளைங்களுக்கு அதத்தான் ஊத்துறாங்க அக்கா" என்றான். அழக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை. மனிதர் ஆசையோடு கொண்டுவந்து தருவதாலேயே தண்ணீர் சுத்தமாகிவிடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எவராவது அப்படி நீட்டும்போது, காய்ச்சினீர்களா என்று கேட்க இன்றைக்கும் எனக்கு நா எழுவதில்லை, வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.