இடது முன் டயருக்கு இரண்டு பவுண்டு குறைவு

காலை ஐந்தரைக்குச் சிலமலையில் இருந்து கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பில் நான் மட்டும்.

மற்ற ஆறு நாளும் இதே ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள் இருப்பார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். காலையில் போடிமெட்டு தாண்டி இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். பல வருடமாக இதுதான் சோலி. காலி ஜீப்பை வேகமாக ஓட்டிப் பார்த்தது இல்லை.

பூப்பாறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து மைதானத்தில் வண்டிப் போட்டி நடக்கிறது என்று ரசாக் பாய் சொன்னார். போடியில் பஞ்சர்க்கடை வைத்திருப்பவர். என் டயருக்கெல்லாம் அவர்தான். ரோட்டில் விடும் பந்தயம் இல்லை. மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக அவற்றைச் சுற்றி வளைந்து வரவேண்டும். ஒரு கூம்பு சாய்ந்தால் இரண்டு விநாடி கூட்டுவார்கள். சொந்த வண்டி இருந்தால் யாரும் சேரலாம். கட்டணம் ஐந்நூறு. ஆளுக்கு மூன்று சுற்று.

போவதற்கு எனக்குக் காரணம் பெரிதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமைத்து, சாப்பிட்டு, சட்டியைக் கழுவி வைத்தால் மணி பத்துதான் ஆகிறது. பிறகு சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் இல்லை.

ஆறு மணிக்குப் போடி. ரசாக் பாய் கடையைத் திறந்துகொண்டிருந்தார். டீசல் ஆயிரத்துக்குப் போட்டுவிட்டு அவர் கடையில் நிறுத்தினேன். வழக்கமான காற்றே வைத்தார். பின்னால் இரண்டிலும் நாற்பது. முன்னால் வலதில் முப்பது, இடதில் இருபத்தெட்டு.

"மாப்ளே, சோலிக்குப் போற டயர்ல வெளையாடப் போறீக. திங்கக்கெழம வண்டி ஓடணும், நெனப்பு இருக்கட்டும்" என்றார்.

நினைப்பு இருந்தது. என்னிடம் இருப்பது நாலு டயர், ஒரு தேய்ந்த ஸ்டெப்னி. ஒரு நாள் ஜீப் நின்றால் பன்னிரண்டு பேருக்கும் அன்றைய கூலி போய்விடும். தோட்டத்து மேஸ்திரி மறுநாளே வேறு ஜீப்பை அனுப்பிவிடுவார். எனக்கு முன்னால் ஓடிய ஜீப்புக்கு அப்படித்தான் ஆனது.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் மலை. மேலே போக இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும். கொண்டை ஊசி வளைவு பதினேழு. காலி வண்டி துள்ளிக்கொண்டே ஏறியது. பின்னால் பேச்சு இல்லை, தூக்குச்சட்டிச் சத்தம் இல்லை. என்ஜின் சத்தம் மட்டும். அது அவ்வளவு சத்தம் போடும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஏழேகாலுக்குப் போடிமெட்டு. பனி இறங்கியிருந்தது. ஒரு டீ பதினைந்து ரூபாய். கேரள எல்லை தாண்டி, ஏலச்செடிகளுக்கு நடுவே ரோடு வளைந்து இறங்குகிறது. பூப்பாறையில் இருந்து இடது பக்கம் மண் ரோட்டில் மூன்று கிலோமீட்டர். எட்டரைக்கு மைதானத்தில் இருந்தேன்.

இருபது வண்டிக்கு மேல் வந்திருந்தன. ஜீப் ஏழெட்டு, மீதி கார். கொச்சி, கோயம்புத்தூர், மதுரை என்று நம்பர் பலகைகள். ஒவ்வொரு வண்டியைச் சுற்றியும் மூன்று நாலு பேர் நின்றார்கள். ஒருவன் காற்று அளந்தான், ஒருவன் தண்ணீர் கொடுத்தான், ஒருவன் போட்டோ எடுத்தான். ஓரமாகக் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் டீயும் விற்ற அம்மாள் என்னைப் பார்த்து, "ஒற்றைக்காணோ சேட்டா?" என்றாள். தனியாகவா வந்தாய் என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். நான் கேட்காமலே ஒரு துண்டு கப்பை கூடுதலாக வைத்தாள்.

எனக்குப் பக்கத்தில் தேனிப் பையன் ஒருவன் பழைய சின்னக் கார் வைத்திருந்தான். கார்த்தி என்று பெயர். பையன் என்றாலும் முப்பது வயது இருக்கும். கூட இரண்டு சிநேகிதர்கள். அவன் சாக்பீஸால் ஒவ்வொரு டயரின் ஓரத்திலும் குறுக்கே கோடு போட்டான். ஓடி வந்த பிறகு கோடு எவ்வளவு அழிந்திருக்கிறது என்று பார்ப்பானாம். தரையில் படுகிற பாகத்தோடு நின்றால் காற்று சரி. பக்கவாட்டில் இறங்கி அழிந்திருந்தால் டயர் மடிந்து ஓடுகிறது, காற்று போதாது. கோடு அழியவே இல்லை என்றால் காற்று அதிகம். எனக்கும் நாலு டயரிலும் போட்டுக் கொடுத்தான்.

முதல் சுற்று பாய் வைத்த காற்றோடு போனேன். நாற்பது பவுண்டு என்பது பன்னிரண்டு பேருக்கு வைத்த காற்று. ஆள் இல்லாமல் பின் சக்கரம் கல்லுக்குக் கல் எகிறியது. மூன்று கூம்பு சாய்ந்தது. சாக்பீஸ் கோடு போட்டபடியே இருந்தது.

கார்த்தி சக்கரத்துக்குச் சக்கரம் அளந்து பார்த்தான். இடது முன்னால் வந்ததும் மறுபடி அளந்தான்.

"அண்ணே, இது மட்டும் ஏன் ரெண்டு கொறவா இருக்கு?"

"அந்தப் பக்கம் ஆளு இல்ல."

"எப்பவுமே இப்படித்தானா? இடப்பக்கம் இழுக்குமே?"

"இழுக்கும். பிடிச்சுக்குவேன்."

அவன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். படிப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு இடது பக்கத்து முன் சீட்டில் என் வீட்டுக்காரி உட்கார்ந்து வந்தாள். அவளுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் காய்ச்சலில் தவறிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த சீட்டில் யாரும் உட்காருவதில்லை. பின்னால் மடிமேல் மடியாக நெருக்கிக்கொண்டு வருவார்களே தவிர முன்னால் வரமாட்டார்கள். உட்காராதே என்று நான் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. பாரம் குறைந்ததால் அந்தச் சக்கரத்தில் காற்றைக் குறைத்தேன். அவ்வளவுதான்.

"எல்லாரும் பக்கத்துல ஒரு ஆள வச்சுத்தான் ஓட்டுறாங்க. இந்த மாதிரி ஜீப்புக்கு பாரம் இருந்தாத்தான் மண்ணப் பிடிக்கும். யாரையாச்சும் ஏத்திக்கங்க" என்றான் கார்த்தி.

யாரை ஏற்ற? கேட்டால் யாராவது வருவார்கள்தான். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. காற்றை இறக்கினால் போதும், டயர் தரையில் அகலமாகப் பதியும் என்று நினைத்தேன். பின்னால் இரண்டிலும் இருபது வரை விட்டேன். முன்னால் பதினெட்டு, இடதில் பதினாறு. கார்த்தி பார்த்துவிட்டு, இப்போதுதான் ஓடி வந்த டயர், சூட்டில் காற்று அதிகமாகக் காட்டும், ஆறினால் இன்னும் இரண்டு மூன்று குறையும், இவ்வளவு விடாதீர்கள் என்றான். பரவாயில்லை என்றேன். என் முறை வரப் பதினொன்றே முக்கால் ஆனது. குளிரில் அவ்வளவு நேரமும் டயர் ஆறிக்கிடந்தது.

இரண்டாம் சுற்றில் முதல் நாலு வளைவு நன்றாகப் போனது. மண்ணைக் கவ்விப் பிடித்தது. ஐந்தாவது, வலது பக்கம் திரும்பும் வளைவு. பிரேக் போட்டு ஒடித்தேன். பாரம் பூராவும் இடது முன் சக்கரத்துக்குப் போனது. கையில் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. புஸ் என்று ஒரு சத்தம். தள்ளித்தான் வெளியே கொண்டுவந்தோம்.

டயர் ரிம்மில் நிற்காமல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. உள்ளே இருக்கும் டியூபையும் சேர்த்து இழுத்ததில் வால்வு வேரோடு பிடுங்கிக்கொண்டது. டியூப் போச்சு. சாக்பீஸ் கோடு பக்கவாட்டில் நாலு விரல் அழிந்திருந்தது. டயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டுச் சுற்றிலும் தடவினேன். கிழிசல் இல்லை. இரண்டு தரம் தடவினேன்.

ஸ்டெப்னியை மாட்டினேன். கார்த்தி சிநேகிதர்கள் ஜாக்கி அடித்தார்கள். ஒருவன், "அண்ணே, டயர் வச்சு ஓட்டுறத விட ரிம்ல ஓட்டுறது ஈசின்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்றாம் சுற்று போகாமல் இறங்கியிருக்கலாம். அதுதான் புத்தி. ஜாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு நின்றேன். கார்த்தி அவன் காருக்குப் பக்கத்தில் கப்பை தின்றுகொண்டிருந்தான். கிட்டப் போனேன்.

"தம்பி, சும்மா இருந்தா முன்னால வந்து உக்காரு."

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுக்குப் பதில் சொல்ல நேரமே பிடிக்கவில்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தான்.

டயர் ஆறியிருந்தது. அவனுடைய காற்றடிக்கும் மெஷினில் அவன் சொன்ன மாதிரி வைத்து, சாக்பீஸ் கோடும் புதிதாகப் போட்டோம். பின்னால் இருபத்தாறு. முன்னால் இருபத்தாறு. இடதில் நான் வாயைத் திறக்கும் முன் அவனே, "நான் உக்காந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுதானண்ணே" என்று அதிலும் இருபத்தாறு வைத்தான்.

அவன் ஏறியதும் ஜீப் அந்தப் பக்கம் ஒரு அமுங்கு அமுங்கியது. சீட்டுக்கு முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டான். பெயிண்ட் போய்ப் பளபளப்பாக இருக்கும் இடம் அது.

வேகமாகப் போகவில்லை. ஒரு கூம்பும் சாயவில்லை. வளைவுக்கு வளைவு அவன் "ம், ம்" என்று மட்டும் சொன்னான். சாக்பீஸ் கோடு தரையில் படுகிற இடத்தோடு நின்றிருந்தது. பட்டியலில் நான் பாதிக்குக் கீழே.

இரண்டு மணிக்குக் கிளம்பினேன். கார்த்தியின் காற்றடிக்கும் மெஷினில் ரோட்டுக்கு வேண்டிய காற்றை ஏற்றிக்கொண்டேன். ஸ்டெப்னி இல்லாத இறக்கம். பதினேழு வளைவும் இரண்டாவது கியரில். குரங்கணி மலைப்பக்கம் மேகம் நின்றது. ஒரு இடத்தில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அளவாக இருந்தது.

நாலரைக்குப் பாய் கடை. புது டியூப் எண்ணூறு ரூபாய். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு நல்ல டயரை மாட்டினார். பழக்கத்தில் இருபத்தெட்டில் நிறுத்தினார்.

"பாய், அதுலயும் முப்பது வையுங்க" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வைத்தார்.

பூப்பாறை மைதானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஸ்வெட்டர் கொண்டுபோங்கள். காற்றை ஆறின டயரில் அளந்து பாருங்கள். கூட ஒரு ஆள் போவது நல்லது.

மறுநாள் காலை ஐந்தரை. பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பேச்சியம்மாள் இடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முன்னால வா ஆத்தா" என்றேன்.

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். முந்தல் வரை பேசாமல் வந்தாள். அதற்கு மேல் வாயை மூடவில்லை.

வண்டி நேராக ஏறியது. என் கைதான் பழக்கத்தில் வலது பக்கம் பிடித்துக்கொண்டே இருந்தது.