மேற்கே நின்ற சுக்கிரன்

ஒருபாதி உமையாகவும் ஒருபாதி தானாகவும் செங்கோட்டு மலைமேல் நின்று, ஞாயிறும் திங்களும் ஏனைய கோள்களும் தத்தம் நெறி பிறழாது ஒழுகுமாறு பணித்த பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். இதை எழுதத் தொடங்கும் இன்று தைத் திங்கள், வளர்பிறைத் துவாதசி, வியாழக்கிழமை. குருவுக்கு உரிய நாள். குருவைப் பற்றிய ஒரு வழக்கை எழுத இதைவிடப் பொருத்தமான நாள் வாய்க்காது. அவ்வழக்கில் உண்மை என் பக்கம் இருந்தது. இன்றும் என் பக்கமே இருக்கிறது. தீர்ப்புதான் வேறாயிற்று.

பிரபவ வருடத்து மாசி மாதம். எனக்கு அப்போது பத்து வயது. இளம்பிள்ளைக்கு அருகே ஒரு நெசவாளர் தெருவில் எங்கள் வீடு. தந்தையார் தறியில் அமர்ந்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் தெருவுக்குப் பஞ்சாங்கம் படித்துச் சொல்பவர். அவர் வாயிலிருந்து பொய் வந்ததாக எவரும் சொன்னதில்லை. நெய்த சேலையில் ஓரிழை அறுந்து முடிச்சு விழுந்திருந்தாலும், வாங்க வந்தவரிடம் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டே கொடுப்பார். 'நிறைந்த கையும் மெய்யான வாயும் உள்ளவர்' என்று தெருவார் அவரைச் சொல்வதைக் கேட்டு நான் வளர்ந்தேன்.

வானத்தை எனக்கு யாரும் உட்காரவைத்துக் கற்பிக்கவில்லை. பூசைக்குப் பூப் பறிப்பது என் வேலை. விடிவெள்ளி முளைத்ததும் எழுந்து கூடையோடு புறப்படுவேன். தெருவே அந்த வேளையில் எழுந்துவிடும். எங்கள் தெருவுக்கு நடுவே பாவடி என்றொரு திறந்தவெளி உண்டு. பாவு நூலை அங்கே நீளக் கட்டிக் கஞ்சி தோய்த்து ஆற்றுவார்கள். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி முறுகி இழை அறும். ஆகையால் வெள்ளியைக் கண்டதும் பாவு விரிந்தாக வேண்டும். சூரியன் தலைகாட்டுவதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். எங்களுக்கு அதுவே கடிகாரம்.

நான் அந்தக் கடிகாரத்தோடு நில்லாமல் மற்றவற்றையும் பார்த்தேன். பஞ்சாங்கத்தில் இன்ன கோள் இன்ன ராசியில் என்று தந்தையார் படிக்கும்போது கேட்டுக்கொண்டு, வானத்தில் போய்த் தேடுவேன். அந்த மாசியில் வைகறைப் பொழுதில் கேட்டை சிவந்து தெரிந்தது. அதன் அருகே சனி மங்கலாக நின்றது. அவற்றுக்குக் கீழே கிழக்கே சுக்கிரன் என்னும் விடிவெள்ளி, கண்ணைக் கழுவிவிட்டதுபோல் வெளுத்து எரிந்தது. அந்தி சாய்ந்தால் தலைக்கு மேலே திருவாதிரை. மேற்கே மீன ராசியில் குரு, சற்றே மஞ்சள் தோய்ந்த ஒளியோடு. விண்மீன் துடிக்கும், கோள் துடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். இவையெல்லாம் தெரிந்த பத்து வயதுப் பெண் எவ்வளவு தாங்கமுடியாதவளாக இருந்திருப்பாள் என்பதை வாசிப்போர் தாமே உய்த்துணர்க.

அக்காள் முதற்பேற்றுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்குக் குறையொன்றும் இல்லை. பெற்றவளைத்தான் காய்ச்சல் பிடித்துக்கொண்டு விடாமல் வாட்டியது. காய்ச்சல் விட்ட பிறகும் அவளால் அடுப்படியிலிருந்து கிணற்றடி வரை நடுவில் ஒருமுறை உட்காராமல் நடக்க முடியவில்லை. கையில் இறுக்கமாக இருந்த வளையல்கள் முழங்கை வரை தாமே ஏறி இறங்கின. அவள் புகுந்த வீடு எடப்பாடியில். அங்கும் தறிதான். அங்கே போனால் பாவு, ஊடைநூலைச் சுற்றும் தார், பிள்ளை, அடுப்பு எல்லாம் ஒரே நாளில் அவள் தலையில் ஏறும் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கவலை.

அப்படியிருக்கையில் ஒருநாள் அந்தி வேளையில், அக்காளின் மாமியார் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். உயரமான அம்மையார், அதிகம் பேசாதவர், அவர் பார்வை பட்டால் எங்கள் தாயார் முந்தானையைச் சரிசெய்துகொள்வார். தண்ணீர் குடித்து முடித்ததும் நேராகச் செய்திக்கு வந்தார்.

"தறி பாதி நாளு சும்மா நிக்குதுங்க சம்மந்தி. தார் சுத்த ஆளில்லீங்க. காத்தால வெள்ளி முளைக்கவே புள்ளையையும் தாயையும் கூட்டிட்டுப் பொறப்படலாம்னு வந்தேன்."

பெண்ணைப் பெற்றவனுக்கு, 'அனுப்பமாட்டேன்' என்று சொல்லும் உரிமை அக்காலத்தில் இல்லை. சம்பந்தி வண்டியோடு வந்து கேட்டபின் மறுப்பது அந்தப் பெண்ணின் வாழ்வையே கேள்விக்கு உள்ளாக்கும். தந்தையார் வாசலில் இறங்கி மேற்கே பார்த்தார். வீட்டுக்கூரைகளுக்கு மேலே குரு அப்போதுதான் பளிச்சென்று தெரியத் தொடங்கியிருந்தது.

"கூட்டிட்டுப் போறதுக்குத் தடையொண்ணுமில்லீங்க," என்றார். "ஆனாப் பாருங்க, சுக்கிரன் மேக்கால நிக்குது. கைப்புள்ளைக்காரிய எதுருக்கெதுரா எப்படீங்க அனுப்பறது?"

புதுமணப் பெண்ணும் கருவுற்றவளும் கைக்குழந்தைக்காரியும் சுக்கிரனை எதிர்நோக்கிப் பயணம் போகலாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எடப்பாடி எங்களுக்கு மேற்கே இருந்தது. மேற்கே சுக்கிரன் நின்றால் அது மறையும்வரை பயணம் இல்லை. அதை எந்தச் சம்பந்தியும் மீறமாட்டார்.

"எத்தனை நாளைக்கு நிக்குமுங்க?" என்றார் அம்மையார்.

"பங்குனி பாதி வரைக்கும். ஒரு நாப்பது நாளுங்க."

நான் கதவோரத்தில் நின்றிருந்தேன். தந்தையார் தவறிவிட்டார் என்பது எனக்குத் தாளமுடியாத அதிர்ச்சியாக இருந்தது. பஞ்சாங்கம் படிப்பவர் சம்பந்தி முன்னால் கோளை மாற்றிச் சொல்லலாமா? அவர் மானத்தைக் காக்கும் கடமை எனக்கு வந்துவிட்டதாகவே கருதினேன்.

"அது சுக்கிரனில்லீங்கப்பா. அது குருவு."

தாயார் என் பக்கம் திரும்பாமலே, "உள்ள போயித் தாரு சுத்து, போ," என்றார்.

"இருக்கட்டுமுங்க, சொல்லட்டும்," என்றார் அம்மையார். "ஏங்கண்ணு, வானத்துக்கு நீதான் மணியகாரரா?"

இந்த ஊக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. வாசல் நடுவுக்கு வந்தேன். சுக்கிரன் இப்போது விடியலில் கிழக்கே முளைக்கிறது. ஒரே கோள் காலையில் கிழக்கிலும் அன்று மாலையே மேற்கிலும் நிற்க முடியாது என்றேன். மார்கழியில் இதே கோள் அந்தியில் ஏறக்குறைய உச்சியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சுக்கிரன் ஒருபோதும் உச்சிக்கு வராது என்றேன். பஞ்சாங்கத்தில் குரு மீனத்தில் என்று போட்டிருப்பதைச் சொன்னேன். கடைசியாக, கிழக்கே இருக்கும் சுக்கிரன் மேற்கே போகிறவர்களுக்கு முதுகுப்பக்கம்தான் இருக்கும்; ஆகவே அக்காள் நாளைக்கே தாராளமாகப் புறப்படலாம் என்று முடித்தேன். ஒரு சொல் பிழையில்லை. இன்றும் எந்த அறிஞர் சபையிலும் அதை அப்படியே திரும்பச் சொல்வேன்.

உள்ளே அக்காள் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஓசை நின்றுவிட்டது. தந்தையார் முகத்தை நான் பெருமையோடு பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு சொல்றதுல..." என்று அவர் தொடங்கினார்.

"இருங்க சம்மந்தி," என்று அம்மையார் கையமர்த்தினார்.

எழுந்து அறைக்குள் போனார். நிலைப்படி வழியாக எட்டிப் பார்த்தேன். அக்காளின் கையைத் தம் கையில் வைத்துக்கொண்டு, முழங்கை வரை ஏறியிருந்த வளையலை மெல்லக் கீழே இறக்கி மணிக்கட்டில் விட்டார். அது மீண்டும் முழங்கைக்கே சரிந்தது. பிறகு வெளியே வந்து, வாசலில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து மேற்கே நெடுநேரம் பார்த்தார்.

"சுக்கிரன்தானுங்க," என்றார். "எங்கண்ணுக்கு நல்லாத் தெரியுது. பச்ச ஒடம்புக்காரிய எதுருல கூட்டிட்டுப் போற பாவம் எனக்கெதுக்குங்க? அது அடையட்டும். அப்பறமா வாரேன்."

தந்தையார் இரு கைகளையும் கூப்பினார். ஒரு கோளைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒருவருக்கு அவர் ஏன் கைகூப்ப வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை தோற்றுவிட்டது என்று படுக்கையில் கிடந்து, எனக்குத் தெரிந்த துதிப்பாடல்களையெல்லாம் இறைவனிடம் முறையீடாகவே சொன்னேன்.

மறுநாள் வெள்ளி முளைத்ததும் அம்மையார் தனியே புறப்பட்டார். பாவடியில் பாவு விரிந்துகொண்டிருந்தது. பூக்கூடையோடு ஓடி வண்டிச் சக்கரத்தருகே நின்று கிழக்கே கை நீட்டினேன்.

"அத்தே, அங்க பாருங்க. அதுதானுங்க சுக்கிரன்."

"ஆமா சாமி, விடிவெள்ளி. அதப் பாத்துத்தானே அறுவது வருசமாப் பாவு போடறோம்."

"அப்ப நேத்துச் சாயங்காலம் பாத்தது?"

"அதும் சுக்கிரன்தான்."

"ரெண்டு சுக்கிரனுங்களா?"

வண்டி நகர்ந்தது. அவர் குனிந்து என் கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"உங்கக்காளுக்கு ரெண்டு, கண்ணு," என்றார்.

எடப்பாடியில் யாருக்கும் வானம் தெரியாது என்ற முடிவுக்கு நான் அன்றே வந்தேன். அந்த முடிவில் பல ஆண்டுகள் சிறிதும் அசையாமல் இருந்தேன்.

அந்த நாற்பது நாளும் குரு அந்திதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அக்காள் எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை தின்றாள்; பிறகு கிணற்றடிக்கு உட்காராமல் நடந்தாள்; பிறகு குடத்தோடு திரும்பி வந்தாள். வளையல் மணிக்கட்டிலேயே நிற்கத் தொடங்கிற்று. தந்தையார் தறியைவிட்டு எழுந்ததும் தினமும் மேற்கே பார்ப்பார். நானும் அருகே நின்று பார்ப்பேன். குரு என்று நான் சொல்லமாட்டேன், சுக்கிரன் என்று அவரும் சொல்லமாட்டார். ஒருநாள் செவ்வானத்தின் விளிம்பில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. மறுநாள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் எடப்பாடி வண்டி வாசலில் வந்து நின்றது. தேதி கேட்டு யாரும் கடிதம் எழுதவில்லை, ஆள் அனுப்பவில்லை. அக்காள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் வண்டியில் ஏறினாள். தற்செயலாகச் சரியான நாளில் வந்துவிட்டார்களே என்று நான் வியந்தேன். கோளே தெரியாத அந்த அம்மையார், அக்கோள் மறைந்த அந்தியை எடப்பாடியில் இருந்தபடியே எப்படி அத்தனை துல்லியமாகக் கண்டார் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

விண்ணில் நின்று நெறி தவறாத கோள்களும், மண்ணில் நின்று ஒருவருக்காக ஒருவர் அவற்றின் பெயரைச் சிறிது மாற்றிச் சொல்லும் நல்லோரும் உங்களைக் காப்பாராக. இதைப் படிப்போர் இல்லங்களில் பெற்றவளும் பிள்ளையும் உடல்தேறி நிற்கட்டும். அவர்கள் புறப்படும் நாளில் எத்திசையும் எதிராகாதிருக்கட்டும்.